வட்டம் கீறிய கண்ணாடி

போன மாதம் மருமகள் டி.வி.யில் ஒரு செய்தியைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் இரண்டு பேர், வானத்தைப் பிடித்த படங்களைக் கம்ப்யூட்டரில் வைத்துப் பார்த்து, நகர்ந்து போகிற ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தார்களாம். அதற்குச் சிறுகோள் என்று பெயர் சொன்னார்கள். பிள்ளைகளுக்குச் சால்வை போர்த்தினார்கள். ஒருத்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்சமும் திக்காமல் பேசினாள்.

"பாருங்க அத்தே, எம்மாம் பெரிய விஷயம்" என்றாள் மருமகள்.

"ஆங்" என்று சொல்லிவிட்டு நான் கீரை ஆயப் போய்விட்டேன். கை கீரையை ஆய்ந்தது. மனசு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்தப் பிள்ளை பேசினாளே, அந்தப் பேச்சு மேல்தான் எரிச்சல். எனக்கு அது வரவில்லை. வர வேண்டிய நேரத்தில் ஒரே ஒரு தடவை வந்திருந்தால் போதும்.

என் வயதில் இருக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்களுக்குச் சொன்னால் "அப்பவே சொல்லி இருக்கலாமே" என்பார்கள். நம் காலத்தில் ஒரு பெண் பிள்ளை வாயைத் திறப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். காகிதம் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா பிரசவத்துக்காகப் புத்தூரில் தன் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். திருத்தணியில் மலைப் படி ஏறுகிற தெருவில் எங்கள் வீடு. வீட்டின் முன்பக்கம் கடை. கடையில் பாதி போட்டோ எடுக்கிற இடம், பாதி சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிற இடம். சட்டம் போடுவது நைனா. போட்டோ எடுப்பது நைனாவின் தம்பி, என் சித்தப்பா. வீட்டைப் பார்த்துக்கொண்டது அவர்கள் இரண்டு பேருக்கும் அக்காவான என் அத்தை.

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் முடி கொடுக்க வருகிறவர்கள். மொட்டை அடித்து, குளத்தில் முங்கி, தலையில் சந்தனம் பூசி, குடும்பமாக வந்து சித்தப்பாவின் கேமரா முன்னால் நிற்பார்கள். சித்தப்பா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "ஆடாதீங்க, ஆடாதீங்க" என்பார். ஒருமுறை மூன்று அண்ணன் தம்பிகள் போட்டோ வாங்க வந்து, இதில் நான் யார், நீ யார் என்று கடை வாசலிலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். மூன்று பேருக்கும் மொட்டை. சித்தப்பா வெளியே வந்து, "ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கினு போங்கப்பா. எதுவா இருந்தா இன்னா?" என்றார்.

அப்போது பிலிம் வந்துவிட்டது. ஆனாலும் சித்தப்பா பழைய கண்ணாடி பிளேட்டில்தான் எடுப்பார். ஒரு பக்கம் மருந்து பூசிய கண்ணாடித் தகடு அது. கழுவி எடுத்தால் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் முகம் விழுந்திருக்கும். இருட்டு ரூமில் இருந்து, படம் கழுவுகிற ஹைப்போ வாசனை வரும். முட்டை நாற்றமும் இல்லை, மருந்து நாற்றமும் இல்லை, மூக்கின் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு வாசனை. எங்கள் வீட்டுச் சோற்றில்கூட அது அடித்த மாதிரி எனக்கு ஞாபகம்.

அந்த வருஷம் பங்குனியில் சித்தப்பா மெட்ராஸில் பழைய சாமான் கடையில் இருந்து ஒரு பெரிய பித்தளை லென்ஸ் வாங்கி வந்தார். அதைக் கேமராவில் மாட்டி மொட்டை மாடிக்கு எடுத்துப் போனார். வானம் நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் கேமராவும் கூடவே நகர வேண்டும் என்று, இரண்டு பலகைகளைக் கதவுக் கீல் போட்டுச் சேர்த்து, நடுவில் ஒரு நீள ஸ்க்ரூவை விட்டிருந்தார். ஒரு மணி நேரம் அந்த ஸ்க்ரூவை விரலால் மெள்ளத் திருப்பிக்கொண்டே, பக்கத்தில் கட்டிய ஒரு சின்னக் குழாய் வழியாக ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது குழாயின் நடுவை விட்டு விலகக் கூடாது. நடு எது என்று தெரிவதற்கு அதற்குள் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என்று இரண்டு முடி ஒட்ட வேண்டும்.

"இந்தா, உன் முடி ரெண்டு குடு" என்றார் என்னிடம்.

அத்தை சிரித்தாள். "ஊரே முடி குடுக்கிற ஊர்ல கொழந்த தலையிலதான் கை வைக்கணுமாடா?"

"பெரியவங்க முடி உள்ள போட்டா கயிறு மாதிரி தெரியுதுக்கா. இதுதான் மெலிசு."

நைனாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "மூணு தலைமுறையா நம்ம வீட்ல மழை வருமான்னுதான் வானத்தப் பாத்தோம். இவன் ஒருத்தன் அதுக்கு போட்டோ எடுக்கிறான்" என்பார். ஒருநாள் புதுப் பிளேட்டுகள் குறைவதைக் கண்டுபிடித்து, "இனிமே மேல ஒரு பிளேட்டுகூட போகக் கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் சித்தப்பா வானத்துப் பிளேட்டுகளை மறைக்க ஆரம்பித்தார். எங்கே என்றால், கெட்டுப்போன பிளேட்டுகளைப் போட்டு வைக்கிற மரப்பெட்டியில். யாரும் அதைக் கிளற மாட்டார்கள் என்று நினைத்தார். இதை நினைக்கும்போது அவர் மேலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. வீட்டில் வேறு இடமா இல்லை?

வானத்துப் பிளேட்டைக் கையில் எடுத்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. முகம் இருக்காது, உருவம் இருக்காது. லேசாகப் புகை படிந்த வெறும் கண்ணாடி. உற்றுப் பார்த்தால் ஊசிமுனை அளவுக்குக் கறுப்புப் புள்ளிகள். ஈ உட்கார்ந்து அசுத்தம் பண்ணினது போல இருக்கும். அந்தப் புள்ளிகள்தான் நட்சத்திரங்கள்.

அவற்றைப் பார்க்க ஒரு பெட்டி செய்திருந்தார். ஒரே இடத்து வானத்தை வேறு வேறு நாளில் எடுத்த இரண்டு பிளேட்டுகளை அதற்குள் சொருகுவார். மேலே கண்ணை வைத்து, ஒரு தகரத்தை இடமும் வலமும் தள்ள வேண்டும். தள்ளினால் முந்தின ராத்திரி, திருப்பித் தள்ளினால் பிந்தின ராத்திரி. ஜன்னல் வெளிச்சம் வேண்டும் என்பதால் பகலில்தான் இந்த வேலை. கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரத்தில் டக் டக் என்று தகரம் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதை யாரும் தொடக் கூடாது. என்னைத்தான் தனியாகக் கூப்பிட்டு, "தொட்டா கைய ஒடிப்பேன்" என்றார். அவர் எனக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் தனக்குத் தானே முனகிக்கொண்டதைக் கேட்டுத்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

சித்திரையில் ஒருநாள் அவர் மலை மேல் ஒரு கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கப் போயிருந்தார். நான் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெட்டியில் கண்ணை வைத்தேன். தகரத்தைத் தள்ளினேன். ஒன்றும் இல்லை. மறுபடியும் தள்ளினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. எல்லாப் புள்ளிகளும் அறைந்து வைத்தது போல அப்படியே நின்றன. ஓரத்தில் ஒன்று மட்டும் குதித்தது.

தகரத்தை இடது பக்கம் தள்ளினால் இங்கே, வலது பக்கம் தள்ளினால் அங்கே. எள்ளில் பாதி இருக்கும். கல்யாண வீட்டில் எல்லாரும் அசையாமல் நிற்கும்போது ஒரு குழந்தை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுமே, அதைப் போல.

இரண்டு நாள் நான் சொல்லவில்லை. சொன்னால் தொட்டது தெரிந்துவிடும். சித்தப்பா அந்த இரண்டு நாளும் அதே பெட்டியில் கண்ணை வைத்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று எழுந்து போனார். மூன்றாம் நாள் பிளேட்டுகளை வெளியே உருவப் போனார். நான் அவருடைய சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தேன்.

"இன்னா?"

ஸ்டூலில் ஏறி, பிளேட்டின் ஓரத்தை விரலால் காட்டினேன்.

அவர் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிளேட்டை வெளியே எடுத்து ஊதினார், துடைத்தார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், திரும்பச் சொருகித் தகரத்தைத் தள்ளினார். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"எப்ப பாத்த?"

"முந்தாநேத்து."

"ஏன் சொல்லல?"

"கைய ஒடிப்பேன்னு சொன்னீங்க."

அவர் சிரித்த சிரிப்பில் அத்தை சமையல் கட்டில் இருந்து எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு அவர் எனக்குக் கண்ணுக்காரி என்று பெயர் வைத்தார். நைனாவின் கண்ணாடி அறுக்கிற வைர முனைக் கட்டரை எடுத்து, பிளேட்டின் மருந்து இல்லாத பக்கத்தில் அந்தப் புள்ளியைச் சுற்றி மொச்சைக் கொட்டை அளவுக்கு ஒரு வட்டம் கீறினார். "இங்க்கு அழிஞ்சிடும். இது நிக்கும்" என்றார்.

அது நட்சத்திரம் இல்லை, சூரியனைச் சுற்றுகிற ஒரு கல், சின்ன கிரகம் என்றார். ஏற்கெனவே யாராவது பார்த்துக் கணக்கில் வைத்ததாக இருக்கலாம், யாரும் பார்க்காத புதுசாகவும் இருக்கலாம். பெரிய தொலைநோக்கி வைத்திருக்கிறவர்களுக்கு எழுதித்தான் கேட்க வேண்டும். அன்றைக்கே இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினார்.

"புதுசா இருந்தா பேரு வைக்கலாம். உன் பேரையே வச்சிடலாமா கண்ணுக்காரி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மாவின் பெயரை வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. புத்தூரில் இருந்து அவள் குழந்தையோடு வரும்போது சொல்லலாம் என்று இருந்தேன். அதையும் அவரிடம் சொல்லவில்லை.

சித்திரை போய், வைகாசி போய், ஆனியும் வந்துவிட்டது. பதில் வரவில்லை. சித்தப்பா தபால்காரரைக் கண்டால் கஸ்டமரை விட்டுவிட்டு எழுந்து நிற்பார். வானத்தில் மேகம் போட்டுவிட்டதால் புதுசாகவும் எடுக்க முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் அவருக்கு ஒரு சம்பந்தம் வந்தது. அம்மையார்குப்பத்தில் தறி வைத்திருக்கிற குடும்பம். அத்தை என்னை உட்கார வைத்துச் சொன்னாள்: "தோ பாரு. சித்தப்பா வானத்தப் பாக்குறது, நட்சத்திரம் புடிக்கிறது, இந்தப் பேச்சே அவங்க எதிர்ல வரக் கூடாது. பைத்தியம்னு நெனச்சிக்கினு திரும்பிப் போயிடுவாங்க. மாடியில இன்னா பண்றாருன்னு கேட்டா, வத்தல் காவல் காக்கிறாருன்னு சொல்லு."

"ராத்திரியிலயா அத்தே?"

"ஏன், எலி வராதா?"

ஆனி முடிகிற சமயம், ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. காவடி எடுத்து வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது சட்டம் போட்ட முருகர் படம் ஒன்று வாங்காமல் போக மாட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வருஷத்துச் சோறு அந்த ஒரு வாரம்தான். மெட்ராஸில் இருந்து வர வேண்டிய கண்ணாடி வரவில்லை. நைனா, "அந்தப் பெட்டியில கெட்டுப்போன பிளேட்டு கெடக்குதே, மருந்த கழுவிட்டுக் குடு, சின்ன படத்துக்கு ஆவும்" என்று அத்தையிடம் சொன்னார். வருஷா வருஷம் செய்கிறதுதான். சலவை சோடா போட்ட சுடுதண்ணீரில் முக்கினால் மருந்து பால் ஆடை போல வழுக்கி வந்துவிடும். கண்ணாடி புதுசாகிவிடும்.

அத்தை கொல்லையில் தண்ணீர் காய வைத்த அன்றைக்குத்தான், மறுநாள் வருவதாகச் சொன்ன பெண் வீட்டார் வந்து நின்றார்கள். ஆண்கள் கடையில் நைனாவோடு உட்கார்ந்தார்கள். பெண்ணின் அம்மா நேரே கொல்லைக்கே வந்துவிட்டாள்.

"இன்னாம்மா, வேலையா இருக்கீங்களா? நவுருங்க, நானும் ஒரு கை போடறேன்."

"ஐயோ, நீங்க உக்காருங்க. வந்ததும் வராததுமா..."

"அதனால இன்னா? நாங்க நூலுக்குக் கஞ்சி போடற கைங்க. இந்தச் சுடுதண்ணி எம்மாத்திரம்."

அவள் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அத்தை என் பக்கம் திரும்பி, "போய் அந்தப் பெட்டியில இருக்குறத எடுத்துக்கினு வா" என்றாள்.

சித்தப்பா குளத்தண்டை போட்டோ எடுக்கப் போயிருந்தார். கடைப் பையன் அவரைக் கூப்பிடப் போயிருந்தான். நான் பெட்டியில் இருந்து நாலைந்தாக எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். முகம் ஆடிப்போன பிளேட்டுகள், வெளிச்சம் பட்டுக் கறுத்த பிளேட்டுகள். மூன்றாவது நடையில், அடியில் மறைத்து வைத்திருந்த அந்த இரண்டு வானத்துப் பிளேட்டுகளும் கையில் வந்தன. கட்டை விரலில் வட்டம் நெருடியது.

கொல்லையில் போய் நின்றேன்.

"இன்னாடி மரம் மாதிரி நிக்கிற? குடு."

"அத்தே, இது... சித்தப்பா..."

"வருவாரு, வருவாரு. வந்துகினே இருப்பாரு."

அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சித்தப்பான்னா உசிரு போலக்குது." அவள் கையை நீட்டி, ஒரு பிளேட்டை என்னிடம் இருந்து வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். "இதுல ஒண்ணுமே விழலியே. ஈதான் உக்காந்து நாறடிச்சிருக்குது."

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். வத்தல் காவல் என்கிற பார்வை.

ஒரு வார்த்தை போதும். வேணாம் என்று ஒரு வார்த்தை. அதுவும் வேண்டாம், பிளேட்டோடு திரும்பி ஓடியிருக்கலாம். கீழே உட்கார்ந்து அழுதிருக்கலாம். இந்த வயதில் எனக்குப் பத்து வழி தெரிகிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. புது மனுஷியின் எதிரில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த அம்மாள் இன்னொரு கையை நீட்டினாள். வட்டம் போட்ட பிளேட்டை நானே கொடுத்தேன். அவள் பிடுங்கவில்லை. நான்தான் கொடுத்தேன்.

சுடுதண்ணீரில் முக்கினாள். கட்டை விரலால் ஒரு தள்ளு தள்ளினாள். புகை நிறத்தில் ஒரு ஆடை சுருண்டு, கொழகொழவென்று வழுக்கி, துவைக்கல் பக்கத்துச் சாக்கடையில் போனது. அவ்வளவு நட்சத்திரமும் ஒரு கைப்பிடி கூட இல்லை.

நிச்சயம் ஆனது. பத்து நாள் கழித்துக் கடிதமும் வந்தது.

சித்தப்பா அதை வாசலிலேயே பிரித்துப் படித்தார். இரண்டு பிளேட்டுகளையும் பத்திரமாகப் பஞ்சு வைத்துக் கட்டி உடனே அனுப்ப வேண்டும், அளந்து பார்த்தால்தான் அது புதுசா பழசா என்று சொல்ல முடியும் என்று எழுதியிருந்ததாம். அவர் பெட்டியண்டை ஓடினார். பெட்டி காலி.

"அக்கா, இதுல இருந்த பிளேட்டு?"

"அதுவா? கழுவி உங்கண்ணன்கிட்ட குடுத்துட்டேன். வெறும் கண்ணாடிதானே."

அவர் திரும்பிக் கடைச் சுவரைப் பார்த்தார். விற்றது போக ஒரே ஒரு சின்ன முருகர் படம் தொங்கியது. கண்ணாடியில் கீறல் இருக்கிறது என்று யாரும் வாங்காமல் விட்ட படம். அதைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் வட்டத்தைத் தடவினார்.

நைனா எட்டிப் பார்த்தார். "ஒரு கண்ணாடிக்காடா இந்த ரகள? வேற எடுத்துக்கோ."

"எடுக்கலாம்ணா. அது அங்கயே நிக்குமா?"

நைனாவுக்கு அது புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

"பெட்டியில இருந்து யாரு எடுத்துக் குடுத்தது?" என்று கேட்டார் சித்தப்பா.

"கொழந்ததான் தூக்கிக்கினு வந்துச்சு. அதுக்கு இன்னா தெரியும் பாவம்?" என்றாள் அத்தை.

சித்தப்பா என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும் என்று அந்த வீட்டில் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். கையை ஒடித்திருந்தாலும் நன்றாக இருந்திருக்கும். அவர் படத்தைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போனார். பிளேட் கைதவறி உடைந்துவிட்டது என்று அவர்களுக்குப் பதில் எழுதிப் போட்டார். என்னைக் கண்ணுக்காரி என்று அதற்கப்புறம் கூப்பிடவே இல்லை.

மேகம் விலகியபோது அந்தப் புள்ளி எந்தப் பக்கம் போனதோ. தை மாதம் கல்யாணம் ஆனது. சித்தி நல்லவள். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஐந்தாவதோடு என்னை நிறுத்தினார்கள். கீல் போட்ட பலகை துணி துவைக்கப் போனது. பார்க்கிற பெட்டியில் கோழி அடை உட்கார்ந்தது. குழாய் எங்கே போனது என்று தெரியவில்லை, அதற்குள் என் முடி இரண்டு இருந்தது. சித்தப்பா கடைசி வரைக்கும் மொட்டைத் தலைகளைத்தான் எடுத்தார், பிறகு பாஸ்போர்ட் போட்டோ. அவர் மாடி ஏறி நான் பார்க்கவில்லை.

அவர் போன பதினாறாம் நாள் சித்தி ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். "இத உனக்குத்தான் குடுக்கச் சொன்னாரு. ஏன்னு சொல்லல." உள்ளே அந்த முருகர் படம். அவர் மன்னித்தாரா, குத்திக் காட்டினாரா, எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது அத்தனை பொங்கலுக்கும் அவர் வீட்டில் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு பொங்கலிலாவது கேட்டிருக்கலாம்.

படம் என் வீட்டுப் பூஜை அலமாரியில்தான் இருக்கிறது. மயிலின் காலுக்குப் பக்கத்தில் அந்த வட்டம். வெள்ளிக்கிழமை துடைக்கும்போது துணி அதில் மாட்டும். அது பழைய கல்தானோ, புதுசோ, அந்தப் பிள்ளைகள் இப்போது கண்டுபிடித்ததே அதுதானோ, யாருக்குத் தெரியும்? வட்டத்துக்குள்ளே ஒன்றும் இல்லை, மயிலின் நகம் தவிர.

நேற்று அலமாரிக்கு வர்ணம் அடிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். மருமகள் படத்தைக் கையில் எடுத்தாள். "அத்தே, கீறல் விழுந்த கண்ணாடி வீட்டுக்கு ஆவாதாம். இவரே வேற கண்ணாடி போட்டுத் தர்றாராம். கழட்டிடட்டுமா?"

முன்னே பின்னே தெரியாத இரண்டு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"வேணாம்" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது. பிரஷ் பிடித்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். "அதத் தொடாதீங்க. குடு இங்க."

மருமகள் பயந்துபோய்ப் படத்தை என் கையில் கொடுத்தாள். வெறும் கண்ணாடிக்கு வந்துவிட்டது அந்த வார்த்தை.